கரோக்கி அறைக்குப் புதியவரா? ஜப்பானியப் பாட்டைத் தேர்ந்தெடுப்பதும் ஷிரிதோரி ஆடுவதும்

கேட்கப் பிடித்த பாட்டு வேறு, பாட வருகிற பாட்டு வேறு. தோக்கியோவில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அலுவலக விருந்து முடிந்து, ‘நிஜிகாய்’ என்று அவர்கள் சொல்லும் இரண்டாம் சுற்றுக்காகக் வாத்திய இசையை ஓடவிட்டு நாமே பாடும் கரோக்கி அறைக்குள் நுழைந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. யோஅசோபி என்ற ஜப்பானிய இரட்டையர் பாடிய ‘யோரு நி ககேரு’வை அதற்கு முன் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். மைக்கைப் பிடித்த இருபதாவது நொடியில் திரையில் எழுத்து எங்கோ ஓடிவிட்டது, நான் எங்கோ நின்றேன். கூட இருந்தவர்கள் தம்புரின் என்கிற சலங்கைத் தட்டைத் தட்டித் தட்டி என்னைக் கரை சேர்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்கே ஒரு மணி நேரம் கழித்து, பாட்டுப் பெயர்களை வைத்து, கடைசி எழுத்தைப் பிடித்துத் தொடரும் ‘ஷிரிதோரி’ ஆட்டம் தொடங்கியது. அதிலும் தோற்றேன். அந்தக் கதை பின்னால் வருகிறது. இரண்டு தோல்விக்கும் காரணம் ஒன்றுதான்: கையில் பட்டியல் இல்லாமல் போனது.

முதல் வேலை: நான்கு கட்டப் பட்டியல்

கைபேசியில் ஒரு குறிப்பு திறந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் நான்கு விவரம்: பெயர், எந்தக் கீயில் (சுருதியில்) பாட வருகிறது, பெயரின் முதல் எழுத்து, கடைசி எழுத்து. முதல் இரண்டும் பாடுவதற்கு, பின் இரண்டும் ஆட்டத்துக்கு. பத்துப் பாட்டு சேர்ந்தால் போதும், எந்த அறைக்குள்ளும் தைரியமாகப் போகலாம். இப்படிக் கைவசம் இருக்கும் பாட்டை ஜப்பானியர் ‘மோச்சிஉதா’ என்கிறார்கள். அதில் ஒருவர் அடித்து நொறுக்கும் பாட்டு ஒன்று இருக்குமே, அதற்குப் பெயர் ‘ஜூஹாச்சிபான்’, அதாவது ‘பதினெட்டாம் எண்’. கபுகி என்ற பழைய ஜப்பானிய நாடகத்தில் இச்சிகாவா தன்ஜூரோ குடும்பம் தங்களுக்கென்று தொகுத்து வைத்த பதினெட்டு நாடகங்களிலிருந்து வந்த வழக்கு என்பார்கள். ‘உங்கள் பதினெட்டு எது?’ என்று யாராவது கேட்டால் வயதைக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, பட்டியலில் எதைச் சேர்ப்பது?

வாய்க்கு வருகிறதா என்று பாருங்கள்

தமிழ் பேசுகிறவர்களுக்கு ஜப்பானியப் பாட்டில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அவர்களுடைய கானா எழுத்து ஏறத்தாழ நம் உயிர்மெய் மாதிரி: க, கி, கு, கெ, கொ என்று மெய்யும் உயிரும் சேர்ந்த ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து. எழுத்து வரிசைகூட அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, க வரிசை, ச வரிசை, த வரிசை, ந வரிசை என்று போகும். பௌத்தத்தோடு சித்தம் எழுத்து வழியாக ஜப்பானுக்குப் போன சமஸ்கிருத ஒலி வரிசையின் தடம் அது. முதல் தடவை பார்க்கும்போதே ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

சிக்கல் மாத்திரையில் இருக்கிறது. நம் கணக்கில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஜப்பானியக் கணக்கில் குறிலும் நெடிலும் அப்படியேதான். ஆனால் சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ‘ன்’ முழு ஒரு மாத்திரை. இரட்டிக்கும் மெய்யின் முன்பாதியும் முழு ஒரு மாத்திரை. ‘நிப்போன்’ என்ற சொல் நம் வாயில் இரண்டே அசையில் முடிந்துவிடும். அவர்களுக்கு அது நி, ப், பொ, ன் என்று நான்கு தட்டு. பாட்டில் அந்த ‘ன்’னுக்கென்றே தனியாக ஒரு சுரம் வைத்திருப்பார்கள். அதை விழுங்கினால் அடுத்த சொல் முன்னாடியே வந்து நிற்கும், தாளம் தடுமாறும். நான் தடுமாறியது பெரும்பாலும் இப்படித்தான். வீட்டில் ஒரு வரியை விரலால் தட்டித் தட்டிச் சொல்லிப் பாருங்கள். எழுத்துக்கு ஒரு தட்டு. அரை மணி நேரத்தில் பிடிபடும்.

இன்னொன்று ‘உ’. அவர்களுடைய உகரத்தை உதட்டைக் குவித்துச் சொல்லக் கூடாது. ‘பாட்டு’, ‘காசு’ என்று சொல்லும்போது கடைசியில் வரும் குற்றியலுகரம் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதுதான். இலக்கண வகுப்பில் எதற்கு என்று திட்டிக்கொண்டே படித்தது இங்கே உதவுகிறது.

வரிகளைப் படிப்பதற்கு இரண்டு வழி. திரையில் ஓடும் ‘கஞ்சி’ என்ற சீன வழி எழுத்துக்கு மேலே பொடியாகக் கானா போட்டிருப்பார்கள். கானா இரண்டு வகை: ஹிராகனாவில் அடிப்படை எழுத்து 46, கதாகனாவில் 46. உட்கார்ந்து படித்தால் ஓரிரு மாதத்தில் பாட்டோடு ஓடும் வேகம் வந்துவிடும். அதுவரை சில கருவிகளில் ரோமன் எழுத்தில் வரி காட்டும் வசதி உண்டு. எல்லாப் பாட்டுக்கும் இராது. மூன்றாவதாக நான் செய்த ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது: வரிகளைத் தமிழில் எழுதிக் கையில் வைத்துக்கொள்வது. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ‘கல்’லில் வரும் க, ‘தங்க’த்தில் வரும் க இரண்டும் ஜப்பானியத்தில் வேறு வேறு எழுத்து. அதனால் தங்கத்து க, பந்தின் த, கம்பத்தின் ப ஆகியவற்றுக்கு அடியில் கோடு போட்டுவிடுங்கள். இந்தக் கோடு ஆட்டத்திலும் தேவைப்படும்.

சுருதியைக் குறிக்க வெட்கப்பட வேண்டாம்

மூலப் பாடகரின் சுருதியில்தான் பாட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கருவியில் கீ பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் அரைச் சுரம் ஏறும் அல்லது இறங்கும். நம் கச்சேரிக்காரர்கள் பேச்சில் அரைக்கட்டை. ஜப்பானியர்கள் சர்வ சாதாரணமாகக் கழித்தல் மூன்று, கழித்தல் நான்கு என்று போட்டுக்கொண்டு பாடுகிறார்கள். அண்மைக் கால ஜப்பானிய ஆண் குரல் பாட்டுகள் பெரும்பாலும் உச்சியில் இருக்கும். ஓஃபிஷியல் ஹிகெதான்திஸ்மின் ‘ப்ரிதென்தா’ (2019), ரெமியோரோமென் பாடிய ‘கொனாயுகி’ (2005) இரண்டும் கேட்கும்போது இதமாக இருக்கும். பல்லவி வரும்போது கழுத்து நரம்பு புடைக்கும்.

சோதனை சுலபம். பாட்டின் உச்ச வரியை, அதாவது ‘சபி’ என்று அவர்கள் சொல்லும் பல்லவியை, வீட்டில் இரண்டு தடவை தொடர்ந்து பாடுங்கள். இரண்டாவது தடவை தொண்டை கட்டினால் இரண்டு கீ இறக்குங்கள். பாட்டு தொடங்கும் இடத்தை வைத்து முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள். எல்லாப் பாட்டும் தாழ்ந்துதான் தொடங்கும். ஆண்கள் பெண் குரல் பாட்டை எடுத்தால் கழித்தல் நான்கில் ஒரு தடவை, ஒரு ஸ்தாயி கீழே இறங்கிக் கூட்டல் மூன்றில் ஒரு தடவை என்று இரண்டு விதமாகவும் பாடிப் பார்த்து, எது வசதியோ அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முழுப் பாட்டும் தெரியுமா?

அனிமே என்கிற ஜப்பானிய அசைபடத் தொடர்கள் வழியாக ஜப்பானியப் பாட்டுக்கு வந்தவர்கள் விழும் குழி இது. தொடரின் தொடக்கத்தில் வருவது ஒன்றரை நிமிடம்தான். கருவியில் இருப்பது நாலு நிமிட முழுப் பாட்டு. ஒன்றரை நிமிடம் சிங்கம் மாதிரி பாடிவிட்டு, இரண்டாவது சரணத்தில் பேந்தப் பேந்த விழிப்பதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். முழு வடிவத்தைக் கேட்டுவிட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: உஎமுரா கானாவின் ‘தொய்ரே நோ காமிசாமா’ (2010) ஏறத்தாழ பத்து நிமிடம். பாட்டியை நினைத்துப் பாடும் அருமையான பாட்டு. ஆனால் எட்டுப் பேர் காத்திருக்கும் அறையில் அதைப் போட்டால், முடிவதற்குள் பாதிப் பேர் கழிவறைக்குப் போய்த் திரும்பியிருப்பார்கள். பாட்டின் பெயருக்கே ‘கழிவறைத் தெய்வம்’ என்றுதான் பொருள். நான் கிண்டல் செய்யவில்லை.

யார் முன்னால் பாடப் போகிறீர்கள்?

இதில்தான் தேர்வின் சுவையே இருக்கிறது. ஜப்பானியர் பாட்டை ஆட்சிக் காலத்தால் பிரித்துப் பேசுவார்கள்: ஷோவா (1989 வரை), ஹெய்செய் (1989 முதல் 2019 வரை), ரெய்வா (அதற்குப் பின்). அறையில் ஐம்பது வயதைத் தாண்டிய மேலாளர் இருந்தால் ஒரு ஷோவா பாட்டு கைவசம் இருப்பது உங்களுக்கு வாழ்நாள் மரியாதையைத் தரும். நான் மிகைப்படுத்தவில்லை.

அதற்கு என் முதல் சிபாரிசு சென் மசாஓவின் ‘கிதாகுனி நோ ஹாரு’ (1977). ‘வடநாட்டு வசந்தம்’ என்று பொருள். நகரத்தில் இருப்பவன் ஊரை நினைத்து உருகும் பாட்டு. எங்கள் ஆட்களுக்கு இது ஏன் லேசாக வருகிறது என்றால், மெட்டு ‘யோனானுகி’ என்ற ஐந்து சுர அடுக்கில் போகிறது. நாலாவது சுரமும் ஏழாவது சுரமும் கிடையாது: ச ரி க ப த. ஆமாம், மோகனம்தான். என்கா என்ற வகைப் பாட்டுகளில் ‘கொபுஷி’ என்று குரலைச் சுழற்றுவார்கள். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமே இல்லை. கொஞ்சம் சுழற்றிப் பாருங்கள், மேலாளர் எழுந்து நின்றுவிடுவார்.

எல்லா வயதுக்கும் பொருந்துவது சகமோதோ க்யூவின் ‘உஎ ஓ முயிதே அருகோ’ (1961). கண்ணீர் கீழே விழாதபடி மேலே பார்த்து நடப்போம் என்கிற பாட்டு. 1963-இல் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. அங்கே அதற்கு வைத்த பெயர் ‘சுகியாகி’. அது ஒரு மாட்டிறைச்சிக் குழம்பு. பாட்டுக்கும் குழம்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மெதுவான நடை, தெளிவான சொற்கள், நடுவில் சீட்டி அடிக்க ஓர் இடம். முதல் பாட்டாக இதை எடுத்தவர்கள் யாரும் மூழ்கியதில்லை.

இளைஞர் கூட்டமாக இருந்தால் த புளூ ஹார்ட்ஸின் ‘லிந்தா லிந்தா’ (1987). ஆரம்ப வரிகள் மெதுவாகப் போகும், அப்புறம் அறையே குதிக்கும். பல்லவியில் பெரும்பாலும் அந்தப் பெயரைத்தான் கத்த வேண்டும், ஜப்பானியமே தெரியாவிட்டாலும் முடியும். தகஹாஷி யோகோவின் ‘சான்கோகு நா தென்ஷி நோ தேஸே’ (1995) அனிமே பார்க்காதவர்களுக்குக்கூடத் தெரியும். ஆனால் வேகம் இருக்கிறது, இரண்டாம் மாதம் எடுங்கள். நகஜிமா மியுகியின் ‘இதோ’ (1992) நிதானமான பாட்டு, புதியவர்களுக்கு ஏற்றது. தமிழில் படித்தால் ‘இதோ’ என்று ஏதோ எடுத்து நீட்டுகிற மாதிரி இருக்கும், பொருள் ‘நூல்’.

ஒரு பாட்டு எல்லோருக்கும் தெரியுமா என்று சந்தேகம் வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: டிசம்பர் 31 இரவு ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே-யில் வரும் ‘கோஹாகு உதாகஸ்ஸென்’ நிகழ்ச்சியில் அது பாடப்பட்டதா? 1951-இல் வானொலியில் தொடங்கிய நிகழ்ச்சி, குடும்பமே உட்கார்ந்து பார்ப்பது. அதில் வந்த பாட்டென்றால் அறையில் பாதிப் பேராவது கூடப் பாடுவார்கள்.

பொருளைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் பாடாதீர்கள். யோநெசு கென்ஷியின் ‘லெமன்’ (2018) இறந்துபோனவரை நினைத்து ஏங்கும் பாட்டு. ‘நாதா சோசோ’வின் வரிகளை மொரியாமா ரியோகோ எழுதியது இளம் வயதில் இறந்த தன் அண்ணனுக்காக. பிறந்தநாள் விருந்தில் இவற்றை எடுப்பது, கல்யாண வீட்டில் சோகப் பாட்டைப் போட்ட மாதிரிதான். கல்யாணத்திலோ இன்னும் கவனம் வேண்டும்: ‘முடிகிறது’, ‘பிரிகிறது’, ‘அறுகிறது’ போன்ற சொற்களை அங்கே பேச்சிலேயே தவிர்ப்பார்கள். அந்த இடத்துக்கும் ‘இதோ’ சரிப்படும். இரண்டு நூல் சேர்ந்து துணியாவதைச் சொல்லும் பாட்டு என்பதால் ஜப்பானியர்களே கல்யாணங்களில் விரும்பிப் பாடுவது அது.

த பூமின் ‘ஷிமா உதா’ (1992) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜப்பானின் தெற்குத் தீவுகளான ஓகினாவாவின் பாட்டு மாதிரி ஒலித்தாலும், எழுதிய மியசாவா கசுஃபுமி தூரத்து யமனாஷிக்காரர். 1945-இல் ஓகினாவாவில் நடந்த போரின் சாவுகள்தான் அதன் அடியில் ஓடும் கதை. தொடக்க வரிகள் ஓகினாவாவின் ரியூக்யூ சுர அடுக்கில் போகும்: ச க ம ப நி. கம்பீரநாட்டை தெரிந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துவிடலாம். முதல் வரியில் பூக்கிற ‘தெய்கோ’ மரம் நம் ஊர்க் கல்யாண முருங்கை. எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து அந்தப் பாட்டை ஊர்ப் பாட்டாகத்தான் பாடுகிறேன். என் பதினெட்டும் அதுதான்.

அறைக்குள் போனதும்

‘கரா’ என்றால் காலி, ‘ஓகே’ என்பது ஆர்கெஸ்ட்ராவின் சுருக்கம்: ஆள் இல்லாத வாத்தியக் கோஷ்டி. 1971-இல் கோபே நகரத்தில் இனோஉஎ தைசுகே என்ற வாத்தியக்காரர் மதுக்கடைகளுக்குக் கருவி செய்து வாடகைக்கு விட்டார். காப்புரிமை வாங்கவில்லை. இப்போது தெருவுக்குத் தெரு இருக்கும் தனி அறைகளைக் ‘கரோக்கி பாக்ஸ்’ என்கிறார்கள். கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு அரை மணிக்கு இவ்வளவு என்றுதான். பகலில் குறைவு, வார இறுதி இரவில் அதிகம். அதற்கு மேல் ஆளுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு.

பாட்டைத் தேடுவது ‘தென்மொகு’ என்கிற தொடுதிரைப் பலகையில். அது தாம் என்ற வகைக் கருவியில் இருக்கும் பலகையின் பெயர். ஜாய்சவுண்ட் கருவியில் இருப்பது ‘க்யோகுநாபி’. பேச்சில் இரண்டையும் தென்மொகு என்றுதான் சொல்கிறார்கள். தெரிந்திருக்க வேண்டிய சொற்கள் நாலைந்துதான்: ‘க்யோகுமெய்’ பாட்டின் பெயர், ‘கஷுமெய்’ பாடகர் பெயர், ‘யோயாகு’ வரிசையில் சேர், ‘என்சோ சூஷி’ நிறுத்து. ஒரே பாட்டு நாலைந்து தடவை பட்டியலில் வந்தால் பதறாதீர்கள். ஒன்றில் பாடகரின் சொந்தக் காணொளி இருக்கும், ஒன்று நேரடி வாத்திய ஒலியாக இருக்கும். பாடகர் பெயரை மட்டும் கட்டாயம் சரிபாருங்கள். ‘சகுரா’ என்ற பெயரில் மொரியாமா நவோதாரோ பாடியது ஒன்று, கொபுகுரோ பாடியது ஒன்று, கெத்சுமெய்ஷி பாடியது ஒன்று, இகிமோனோகாகாரி பாடியது ஒன்று. வேறு ‘சகுரா’ ஒலிக்கத் தொடங்கியபின் பாடத் தெரியாமல் நிற்பதைப் போல ஒரு தனிமை உலகத்தில் இல்லை.

தொடர்ந்து இரண்டு பாட்டைச் சேர்க்காதீர்கள். அடுத்தவருடைய பதினெட்டை அவர் பாடுவதற்கு முன் எடுக்காதீர்கள். அவர் கேட்டால் ஒழிய இரண்டாவது மைக்கைத் தொடாதீர்கள். மற்றபடி தம்புரினோ மரக்காஸோ கையில் கிடைத்தால் தட்டுங்கள். எனக்குத் தட்டியதற்குப் பதிலாக நான் இன்றுவரை தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இனி ஷிரிதோரி

‘ஷிரி’ என்றால் பின்புறம், ‘தோரி’ என்றால் எடுத்தல். ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் சொல்லைத் தொடங்க வேண்டும். அந்தாதியைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பாட்டில் எழுத்தைப் பிடிக்கும் பதற்றமும் புதிதல்ல. கரோக்கி அறையில் ஆடும்போது சொல்லுக்குப் பதில் பாட்டின் பெயர். ஒருவர் பாடி முடிப்பதற்குள் அடுத்தவர் பெயரைக் கண்டுபிடித்து வரிசையில் சேர்த்துவிட வேண்டும். ஓடும் பாட்டுதான் கடிகாரம்.

கொலைகார விதி ஒன்று: ‘ன்’ எழுத்தில் முடிகிற பெயரைச் சொன்னவர் தோற்றார். ஜப்பானியத்தில் ‘ன்’னில் தொடங்கும் சொல் கிடையாது என்று சொல்லிவிடலாம். நம் மொழியிலும் ன, ழ, ள, ற முதலெழுத்தாக வராதே, அதே மாதிரி. ‘லெமன்’ அவர்கள் எழுத்தில் ‘ரெ-மொ-ன்’. ஸ்பிட்ஸின் ‘ரொபின்சன்’ (1995) ‘ரொ-பி-ன்-சொ-ன்’. இரண்டும் எல்லோருக்கும் பிடித்த பாட்டு, இரண்டும் தற்கொலை.

ஆட்டம் தொடங்கும் முன் பேசி வைத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. பேசாவிட்டால் நடுவில் சண்டை நிச்சயம்.

காதால் முடிவு செய்யாதீர்கள், கானாவால் முடிவு செய்யுங்கள். ‘உஎ ஓ முயிதே அருகோ’வின் கடைசிச் சொல் ‘அருகோ’ நம் காதுக்கு ஓகாரத்தில் முடிகிறது. எழுத்தில் அது ‘அ-ரு-கொ-உ’. அடுத்தவருக்குப் போவது ‘உ’. ‘நாதா சோசோ’வும் இப்படித்தான். ஜப்பானியம் தெரியாதவர்கள் ஆட்டத்தில் தடுக்கி விழும் முதல் கல் இது.

நெட்டெழுத்துக் கோட்டில் முடிந்தால்? ஸ்பிட்ஸின் ‘செரீ’ (1996) கடைசியில் ஒரு நீட்டல் கோடு. சிலர் கோட்டை விட்டுவிட்டு ‘ரி’ என்பார்கள், சிலர் நீளும் உயிரை எடுத்து ‘இ’ என்பார்கள். இரண்டையும் அனுமதித்துவிடுங்கள், ஆட்டம் நீளும்.

தங்கத்து க, கல்லின் க பிரச்சினை இங்கே திரும்ப வருகிறது. அய்மியோனின் ‘மரீகோருதோ’ (2018) கடைசி ‘தொ’ பந்தில் வரும் த-வின் ஒலி. அதற்கு மேலே இரண்டு பொடிக் கோடு இருக்கும். கண்டிப்பான ஆட்டத்தில் அதே ஒலியில்தான் தொடங்க வேண்டும். இளகிய ஆட்டத்தில் கோட்டை உதிர்த்துவிட்டு, ‘தொப்பி’யில் வரும் ‘தொ’விலும் தொடங்கலாம். தமிழில் எழுதி வைத்த பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், அதற்குத்தான் அடிக்கோடு போடச் சொன்னேன்.

சூப்பர்ஃபிளையின் ‘அய் ஓ கொமேதே ஹனாதாபா ஓ’ (2008) மாதிரி, ‘ஐ’ வேற்றுமை உருபாகிய ‘ஓ’வில் முடியும் பெயர்களும் உண்டு. அந்த உருபுக்குத் தனி எழுத்து. அதில் எந்தப் பெயரும் தொடங்காது. சாதாரண ‘ஒ’வாக எடுத்துக்கொள்வதே வழக்கம். ஆங்கிலப் பெயர்களைக் கதாகனாவில் எப்படிப் படிப்பார்களோ அப்படி எடுக்க வேண்டும். சொன்ன பாட்டை மறுபடி சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

நான் தோற்ற கதை

அன்றைக்கு ஆட்டம் போன வழி இது. ‘உஎ ஓ முயிதே அருகோ’வில் தொடங்கினோம்; உ. பீஸ் இரட்டையரின் ‘உருதொரா சோஉரு’ (2001), உறையில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும்; ரு. தெராஓ அகிராவின் ‘ருபீ நோ யுபிவா’ (1981), வா. மொரிதாகா சிசாதோவின் ‘வதாஷி கா ஓபாசான் நி நத்தே மோ’ (1992), ‘நான் அத்தை வயதை எட்டினாலும்’ என்று பெயர், மோ. ஹிதோதோ யோவின் ‘மொராய்நாகி’ (2002), கி. அதைப் பிடித்து மேலாளர் ‘கிதாகுனி நோ ஹாரு’வைப் போட்டார், ரு. அடுத்தது நான்.

எனக்கு உடனே பளிச்சென்று வந்தது அராய் யுமியின் ‘ரூஜு நோ தெங்கொன்’ (1975). ஜிப்லி நிறுவனத்தின் அசைபடம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆஹா என்று வரிசையில் சேர்த்தேன், பாடவும் பாடினேன், நன்றாகவே பாடினேன். மூன்று நிமிடமும் எல்லோரும் என்னைப் பார்த்து ஏன் இவ்வளவு அன்பாகச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. பெயர் ‘தெ-ன்-கொ-ன்’ என்று முடிகிறது.

‘ரு’வைத் தூக்கிப் போட்டு எதிராளியை மடக்குவது பழைய தந்திரம். ஜப்பானிய வினைச்சொற்கள் ஏராளமாக ‘ரு’வில் முடியும், அதனால் ‘ரு’வில் முடியும் பாட்டுப் பெயருக்குப் பஞ்சமே இல்லை: ‘யோரு நி ககேரு’, தனிமுரா ஷின்ஜியின் ‘சுபாரு’ (1980), யோஅசோபியின் ‘அயிதொரு’ (2023). ஆனால் அசல் ஜப்பானியச் சொற்கள் ர வரிசையில் தொடங்குவதே இல்லை. தமிழிலும் ரகரம் மொழிக்கு முதலில் வராது, அதனால்தானே இராமனுக்கு முன்னால் ஓர் இகரம்? அங்கேயும் அதே கதை. ரூபி, ரூஜு, லிண்டா, ராபின்சன், லெமன் என்று பாருங்கள், அத்தனையும் வெளியூர்ச் சரக்கு.

இதிலிருந்து பட்டியலுக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, தற்காப்பு: ர வரிசையில் தொடங்கி ‘ன்’னில் முடியாத இரண்டு பாட்டாவது கைவசம் வைத்திருங்கள். ‘ருபீ நோ யுபிவா’வும் ‘லிந்தா லிந்தா’வும் போதும். ‘உ’வில் தொடங்குபவையும் அடிக்கடி தேவைப்படும், சைதோ கசுயோஷியின் ‘உதாஉதாய் நோ பராத்தோ’ (1997) அதற்கு ஆகும். இரண்டு, தாக்குதல்: வாங்கிய எழுத்தையே திருப்பிக் கொடுக்கும் பெயர்கள். க்ரீன் குழுவின் ‘கிசெகி’ (2008) ‘கி’யில் தொடங்கி ‘கி’யில் முடிகிறது. ‘ஹனமிசுகி’, ‘மொராய்நாகி’, ‘கொனாயுகி’ என்று ‘கி’யில் முடிகிறவை நிறைய இருப்பதால், ஒரு கட்டத்தில் ‘கி’ தீர்ந்துவிடும். அப்போது ‘கிசெகி’யை வீசினால் அடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எழுத்து தெரிந்தும் பாட்டு நினைவுக்கு வராவிட்டால், தென்மொகுவில் க்யோகுமெய்யை அழுத்தி அந்த ஒற்றை எழுத்தைப் போடுங்கள். அதில் தொடங்கும் பெயர்கள் வரிசையாக வரும். இது ஏமாற்று வேலையா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் ஆளுக்கு ஒரு தடவை அனுமதி.

முழுப் பாட்டும் பாடினால் இரண்டு மணி நேரத்தில் இருபத்தைந்து கண்ணிகூடத் தேறாது. முதல் பல்லவி முடிந்ததும் என்சோ சூஷி அழுத்திவிடுவது நல்லது. எழுத்துத் தலைவலி வேண்டாம் என்கிற நாளில், பெயரில் நிறம் இருக்கும் பாட்டு, எண் இருக்கும் பாட்டு, மழை இருக்கும் பாட்டு என்று ஒரு பொருளைச் சொல்லியும் ஆடலாம். முன்னிசையின் முதல் சில நொடியில் பெயரைக் கத்தும் ‘இன்தொரோ க்விசு’வும் உண்டு, அதில் நான் ஜெயித்ததே இல்லை.

நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது சுவரில் இருக்கும் தொலைபேசி அடிக்கும். கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் எடுக்க வேண்டும், புதியவர் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். ‘என்சோ’ என்று ஒரு சொல் காதில் விழும். அது ‘நேரத்தை நீட்டிக்கவா’ என்ற ‘என்சோஓ’. பாட்டை நிறுத்தும் ‘என்சோஓ’ வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று, அவர்கள் வாயில் ஒன்றில் ‘ச்சோ’, மற்றதில் ‘ஸோ’. குழம்பினால் அறையைத் திரும்பிப் பாருங்கள். யாராவது இன்னும் தென்மொகுவைத் தடவிக்கொண்டிருந்தால் ‘ஹாய்’, அதாவது ‘ஆமாம்’, என்று சொல்லிவிட்டு, பட்டியலைத் திறந்து ‘ரு’வைத் தேடுங்கள்.